மரச்சாயத்தில் நனைந்த சிப்பாய்கள்

கல்யாணமாகி நான் மட்டாஞ்சேரிக்கு வந்தபோது எங்கள் குடித்தனம் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. துவைத்துக் காயப்போட்ட புடவையிலும் சுக்கு வாசனை அடிக்கும். என் கணவர் தினமும் படகேறித் துறைமுகத் தீவுக்குப் போய், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வரைபடம் போடும் வேலை செய்தார். அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். நான் பாலக்காட்டில் பிறந்தவள். வீட்டில் நாங்கள் பேசியது தமிழ்தான். ஆனால் கோயம்புத்தூரிலிருந்து என் அக்கா வந்தால் எங்கள் தமிழைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாக இருக்கும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடங்குக்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். அவர் குஜராத்திக் குடும்பம், ஆனால் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஊரில் எல்லோரும் சேட்டு என்றுதான் அவரைச் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். என்னை அவர் பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவார். என் கணவரும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். வீட்டுக்காரர், குடியிருப்பவர் என்ற வித்தியாசம் அவர்களுக்குள் இருந்ததில்லை.

டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். உருண்டு விழுந்தவை ஈயச் சிப்பாய்கள். ஒவ்வொருவனும் என் சுண்டுவிரலில் பாதி உயரம். துப்பாக்கி பிடித்தவன், கொடி பிடித்தவன், குதிரைமேல் இருப்பவன். நிறமே இல்லாமல் சாம்பலாக இருந்தார்கள்.

"லண்டன்லேர்ந்து என் அளியன் அனுப்பிச்சான், தங்கச்சி புருஷன்" என்றார் சேட்டு. "அங்க பெரிய மனுஷங்க எல்லாம் மேஜைமேல யுத்தம் களிக்கறாங்க, விளையாட்டா. பகடை போட்டு, டேப் வெச்சு அளந்து. புஸ்தகமும் அனுப்பியிருக்கான். ஆனா முதல்ல பெயின்ட் அடிக்கணும். எனக்கு அது நடக்காது. உன் கைக்குத்தான் வரும்."

என் கணவர் ஒரு சிப்பாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பட்டன்கூட இருக்கு" என்றார். அவ்வளவுதான். அன்று முதல் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன.

பழைய கதவுப் பலகை ஒன்றைக் கிடங்கிலிருந்து தூக்கி வந்து முக்காலிகள்மேல் போட்டார்கள். பச்சைச் சாயம் ஏற்றிய என் பழைய போர்வை அதன்மேல் விரிந்தது. அடியில் சாக்கைச் சுருட்டி வைத்தால் அது மலை. நீலத் துணியைக் கிழித்துப் போட்டால் ஆறு. மைசூர்ப் படை என் கணவருக்கு, கும்பெனிப் படை சேட்டுக்கு. ரவிக்கை தைக்க நான் வைத்திருந்த இஞ்ச் டேப்தான் யுத்தத்துக்கும் டேப். சிப்பாய் நடப்பது, குதிரை ஓடுவது, பீரங்கிக் குண்டு போய் விழுவது எல்லாம் அதில்தான் அளக்கப்பட்டது. யாராவது அளவு ரவிக்கையோடு வந்தால் நான் போர்க்களத்துக்குப் போய் டேப்பைக் கேட்டு வாங்கிவர வேண்டும்.

பெயின்ட் அடிப்பது சுலபமாக இல்லை. சின்னக் குப்பிகளில் வரும் எனாமல் பெயின்ட்டை நுனி கூரான பிரஷால் தொட்டுத் தொட்டு வைப்பார். ஆனால் எவ்வளவு நன்றாக அடித்தாலும் சிப்பாய் மொழுக்கென்றுதான் இருந்தான். சட்டை மடிப்பிலும் கண்குழியிலும் விரல் இடுக்கிலும் இருட்டாக ஒரு கோடு இழுத்தால்தான் ஆளாகத் தெரிவான். அந்தக் கோடுகளுக்கே ஒரு சிப்பாய்க்கு ஒரு சாயங்காலம் போய்விடும். அதற்கென்றே தனியாக மை விற்கிறார்கள் என்று லண்டன் மாப்பிள்ளை எழுதியிருந்தார். விலையையும் எழுதியிருந்தார். சேட்டு அதைப் படித்துவிட்டு, "இந்த விலைக்கு நான் நிஜச் சிப்பாயையே வேலைக்கு வைப்பேன்" என்றார்.

அதற்கு வழி கீழே கிடங்கிலிருந்தே வந்தது. சேட்டின் ஆபீசுக்குப் புது அலமாரி செய்து, அதற்கு மரச்சாயம் அடித்தார்கள். வால்நட் நிறம். மிச்சமிருந்த டப்பாவை எங்கள் ஜன்னல் சட்டத்துக்கு ஆகும் என்று கொடுத்துவிட்டார். என் கணவர் ஜன்னலுக்கு அடித்துக்கொண்டிருந்தவர், என்ன தோன்றியதோ, பெயின்ட் கெட்டுப்போன ஒரு சிப்பாயை எடுத்து அந்தச் சாயத்தில் முக்கினார்.

முதல் தடவை சரிவரவில்லை. சாயத்திலிருந்த டர்பன்டைன், சரியாகக் காயாத சிவப்புப் பெயின்ட்டைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. எனாமல் இறுகக் காயும்வரை பொறுக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. மழைக்காலத்தில் அது வாரக்கணக்கில் ஆகும். அடுத்த முறை காயவைத்த சிப்பாயின் காலடியில் கம்பியைச் சுற்றி, நீர்க்கக் கலந்த சாயத்தில் முக்கி எடுத்து, உதறி, பலகையில் அடித்த ஆணியில் தொங்கவிட்டார். சாயம் மேடான இடங்களிலிருந்து வழிந்து பள்ளங்களில் போய்த் தங்கியது. பூட்ஸில் தேங்கியதைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தச் சிப்பாய்க்குக் கன்னம் வந்தது, கண்குழி வந்தது, சட்டையில் மடிப்பு விழுந்தது.

"இங்க வா, வேகம் வா" என்று என்னைக் கூப்பிட்டார். அடுப்பில் பால் இருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போனேன். "முகம் வந்திருச்சு பாரு. நிழலை நான் போட வேண்டாம். அதுவே போட்டுக்குது."

அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதற்கப்புறமும் பார்க்கவில்லை.

சாயம் காய்ந்ததும் பளபளவென்று எண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. கொஞ்சம் முகப்பவுடரை வார்னிஷில் கலந்து மேலே பூசினால் அந்தப் பளபளப்பு அடங்கும் என்று அவரே கண்டுபிடித்தார். என் பவுடர் டப்பாவும் யுத்தத்துக்குப் போயிற்று. சாயம் கலப்பது என் வேலை ஆனது. கரண்டியால் அளந்து டர்பன்டைனில் கலப்பேன். அந்த வாசனை அவருக்குத் தலைவலி கொடுத்தது. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம்.

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். தலைவலி புருவத்துக்கு மேலே வரும். விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் மாதிரி வளையம் தெரிகிறது என்பார். நான் ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். சாய டப்பாவைப் பின்கட்டுக்கு மாற்றினேன். ஒரு மாதம் சாயத்தைத் தொடாமலே இருந்தார். வலி போகவில்லை. பஜாரில் ஒரு டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போட்டதும் எழுத்து கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டோம். எழுத்தைப் பார்க்கும் நடுப்பார்வைதான் கடைசியில் போகுமாம், ஓரம்தான் முதலில் போகுமாம் என்று பின்னால் கண் டாக்டர் சொன்னார். அப்போது யாருக்குத் தெரியும்?

கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். பக்கத்தில் வைத்த சாயாக் கிளாஸைத் தட்டிவிட்டார். "நீ கொண்டு வந்து வெச்சதைச் சொல்லவே இல்லையே" என்பார். வைக்கும்போது சொல்லித்தான் வைத்திருப்பேன். ஒரு நாள் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் இறங்கும்போது, படகுக்கும் படிக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் காலை விட்டார். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் படகு நசுக்கியிருக்கும். முழங்கால்வரை தோல் வழன்று வந்து நின்றார். அன்றுதான் நான் பயந்தேன்.

எர்ணாகுளத்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நடுவயதுப் பெண். கண்ணுக்குள் சொட்டு விட்டு, ஏதோ கருவியை வைத்து அழுத்திப் பார்த்து, இருட்டறையில் நெடுநேரம் உட்கார்த்தி வைத்தார். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார். மலையாளத்தில், மெதுவாகத்தான் சொன்னார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பு வாடிவிட்டது.

"ஆபரேஷன் செஞ்சா திரும்பி வருமா?" என்று நான் கேட்டேன்.

"போனது போனதுதான்" என்றார். "இருக்கறதைப் பிடிச்சு வெக்கப் பார்க்கலாம். அதுக்கும் நான் வாக்கு தர முடியாது."

என் கணவர், "நான் பிளான் வரையற ஆளாக்கும்" என்றார். டாக்டர் சொட்டு மருந்து எழுதினார்.

அந்த மருந்து கண்ணின் பாப்பாவைக் குண்டூசி முனை அளவுக்குச் சுருக்கிவிடும். அழுத்தம் குறையும், வெளிச்சமும் குறையும். எங்கள் வீடோ பகலிலேயே மங்கல். மருந்து விட்டுக்கொண்டு அவர் ஜன்னலோரம் போய்ச் சிப்பாயைத் தூக்கிப் பிடிப்பார்.

"நிழல் விழலையே. நீ தண்ணியா கலந்துட்டே."

"எப்பவும் கலக்கறாப்லதான் கலந்தேன்."

"இன்னும் கொஞ்சம் சாயம் ஊத்து."

ஊற்றினேன். மறுபடி முக்கினார். காய்ந்தபிறகு எடுத்துப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை முக்கினார். சிவப்புச் சட்டைகள் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தன. மைசூர்ச் சிப்பாய்களின் சட்டையில் அவர் ஒரு காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்த புலிவரி மறைந்துபோயிற்று. பழைய படையையும் எடுத்து வந்து முக்க ஆரம்பித்தார். "இதுங்களும் வெளிறிப்போச்சு" என்றார்.

"போதும், போதும். எல்லாம் ஒரே கறுப்பா ஆயிடுச்சு" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

கையை நிறுத்தினார். "நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

சிப்பாயை ஆணியில் மாட்டப் பார்த்தார். ஆணி கைக்கு அகப்படவில்லை. நான் வாங்கி மாட்டினேன்.

சேட்டு எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஞாயிறு தவறாமல் வந்தார். கறுத்துப்போன படைகளை எடுத்து அடுக்குவார். "கொள்ளாம், நல்லா இருக்கு" என்பார். ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்து, அது பலிக்காமல் அந்தக் கண் முழுக்கவே போனபிறகும் அவர்கள் விளையாடினார்கள். பட்டறையில் என் கணவரை வரைபலகையிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் இழுத்த கோடுகள் ஒன்றோடொன்று சேரவில்லையாம். அதைச் சேட்டிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. நான் சமையலறையிலிருந்து கேட்டேன்.

கடைசியாக நடந்த யுத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளியே மழை. கீழே சுமைக்காரர்கள் லாரிக்குக் காத்துக்கொண்டு சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சாயா கொண்டு போனேன். என் கணவர் பகடையை உருட்டிவிட்டு, அது எங்கே விழுந்தது என்று மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் சேட்டு கையை நீட்டி, என் கணவரின் குதிரைப்படையை மெல்ல எடுத்து மலைக்குப் பின்னால் வைத்தார். அதுவரை குதிரைகள் நின்ற இடம் சேட்டின் பீரங்கிக்கு நேர் எதிரே இருந்தது. அடுத்த முறை சுட்டால் ஒருவனும் மிஞ்சமாட்டான். சேட்டு என்னைப் பார்த்தார். கண்ணாலேயே, சொல்ல வேண்டாம் என்றார்.

என் கணவர் டேப்பை எடுத்தார். விரலால் தொட்டுத் தொட்டுத் தன் படைகளை எண்ணுவது அப்போது அவருக்குப் பழகிவிட்டிருந்தது. கை குதிரைகளைத் தேடிப் போனது. அங்கே இல்லை.

"என் குதிரை எங்க?"

"மலைக்குப் பின்னால" என்றார் சேட்டு. "நீதான வெச்சே?"

"நான் ஆத்தோரம் நிறுத்தினேன்."

"மறந்துட்டே."

"கண்ணுதான் போச்சு. மறதி வரல." முகத்தை என் பக்கம் திருப்பினார். நான் நிற்கிறேன் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "நீ பார்த்தியா?"

தட்டில் கிளாஸ்கள் இருந்தன. "பார்த்தேன்" என்றேன். "அவர் எடுத்து வெச்சார்."

சேட்டு தலையைக் குனிந்துகொண்டார். "செத்துப்போயிடுவாங்கன்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"செத்தா சாகட்டும். என் ஆளை நீ எதுக்குக் காப்பாத்தறே?" என் கணவர் சத்தம் போட்டுப் பேசியே எனக்குப் பழக்கமில்லை. "எத்தனை நாளா இப்படி? போன வாரம் ஜெயிச்சேனே, அதுவும் இப்படித்தானா?"

சேட்டு குதிரைகளை எடுத்து மறுபடி ஆற்றோரம் வைத்தார்.

"சொல்லு. அதுக்கு முந்தின வாரம்?"

சேட்டு எழுந்தார். "பாபி, சாயா வேண்டாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். குடை எங்கள் வீட்டிலேயே கிடந்தது. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் நனைந்துகொண்டே போனார்.

என் கணவர் மேஜை முன்னால் உட்கார்ந்தே இருந்தார். "எடுத்து வெச்சிரட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். பிறகு, "எடுத்துரு" என்றார்.

அவர்கள் சண்டைபோட்டுப் பிரிந்தார்கள் என்று சொல்ல முடியாது. சேட்டு அப்புறமும் வந்தார். மழையைப் பற்றியும் குருமிளகு விலையைப் பற்றியும் பேசினார். மேஜையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச்சு அடிக்கடி நின்றுபோகும். சேட்டு வருவது குறைந்தது.

இன்னொரு கண்ணும் மெதுவாகப் போயிற்று. ஒரு நாளில் போகவில்லை. நேற்று தெரிந்த கதவு இன்று நிழலாகத் தெரியும், அப்புறம் ஒரு நாள் நிழலும் இருக்காது. டாக்டர் சொன்ன நடுப்பார்வை, நாணயம் அளவுக்கு, அப்புறம் மிளகு அளவுக்குச் சுருங்கி, ஒரு ஓணத்துக்கு முன்னால் முழுக்க மூடிக்கொண்டது. பட்டறையில் வேலையை விடச் சொல்லிவிட்டார்கள். ஹோட்டல்களுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். வேறு வழி தெரியவில்லை. அவர் குருவாயூருக்கும் வரமாட்டேன் என்றார், வேளாங்கண்ணிக்கும் வரமாட்டேன் என்றார். "கேட்டு வாங்கிக்க என்ன இருக்கு? நரம்பு செத்தது அவங்களுக்கும் தெரியும்" என்றார். நான் தனியாகப் போய்வந்தேன். எதுவும் நடக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் சேட்டின் குடும்பம் கிடங்கை விற்றது. அண்ணன் தம்பிகளுக்குள் ஒத்துப்போகவில்லை, வியாபாரமும் சுணங்கிவிட்டது. அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு பம்பாய்க்குப் போகிறார் என்று கீழே சுமைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போவதற்கு முன்னால் சேட்டு மாடியேறி வந்தார்.

"யாரு?" என்றார் என் கணவர். அந்தக் காலடியை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"நான்தான்."

"உட்காரு."

உட்கார்ந்தார். அலமாரிமேல் இருந்த டப்பாக்களைப் பார்த்தார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியது எனக்குத் தெரிந்தது.

"எல்லாத்தையும் கொண்டு போ" என்றார் என் கணவர். "ரெண்டு படையையும்."

"உன்னோட படையை நான் எப்படி..."

"அங்க யாராவது கூட்டு கிடைப்பாங்க. களிக்கலாம்."

சேட்டின் கண் கலங்கியது. சத்தம் வராமல் துடைத்துக்கொண்டார். என் கணவரின் கையைப் பிடித்தார், கொஞ்ச நேரம் விடவில்லை. என் கணவர் கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். பிடிக்கவும் இல்லை, உதறவும் இல்லை. நான் டப்பாக்களைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். பம்பாயில் யாரும் அந்த விளையாட்டை விளையாடவில்லை என்று பல வருஷம் கழித்து யார் மூலமாகவோ கேள்விப்பட்டேன். சேட்டே அதிக நாள் இருக்கவில்லையாம். அதை என் கணவரிடம் சொன்னேன். "ஓ" என்றார்.

கிடங்கை வாங்கியவர்கள் மாடியைக் காலி செய்யச் சொன்னார்கள். எர்ணாகுளம் பக்கம் தேவராவில் என் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை கிடைத்தது. தரையோடு தரையாக, படி இல்லாத வீடு. அதுதான் அவருக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். மட்டாஞ்சேரி வீட்டில் அவர் சுவரைத் தொடாமலே நடப்பார். எங்கே எது என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. தேவராவில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். அவர் கற்கவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, அவ்வளவுதான். தம்பி ஒரு வெள்ளைத் தடி வாங்கிக் கொடுத்தான். அதைக் கையில் வாங்கி, நீளத்தைத் தடவிப் பார்த்து, சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு அதைத் தொடவில்லை.

குடிபோன புதிதில் ஒரு காலை, நான் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், "இந்த ஜன்னல்ல என்ன தெரியுது?" என்று கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். "பக்கத்து வீட்டுச் சுவர்."

"வேற?"

ஏதாவது இருக்காதா என்று நன்றாகத்தான் பார்த்தேன். சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. பூச்சு இல்லாத செங்கல்.

"வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

"ஷரி" என்றார். அதற்கப்புறம் எந்த ஜன்னலைப் பற்றியும் அவர் என்னிடம் கேட்டதில்லை. நானும் மிச்ச உறைகளை மடித்து, கட்டாகக் கட்டி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனேன்.